வைரத்தோட்டுக்கு ஏற்ற ஹெட்ஃபோன்

என் கல்யாணத்தில் சீர் பரப்பியிருந்த ஜமக்காளத்தின் மேல், பருப்புத்தேங்காய்க்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வேறு. அது மாப்பிள்ளைக்கு வாங்கியது என்று சபையில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வாங்கியது என்பது எனக்கும் என் இரண்டு அண்ணன்களுக்கும் மட்டும்தான் தெரியும். அடையாறு வீட்டில் ஒரே கம்ப்யூட்டருக்கு மூன்று பேரும் அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். நான் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டால் பழைய பெட்டி முழுசாகத் தங்களுக்கே என்ற சந்தோஷத்தில், ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, தாங்களே பூட்டி, சீரில் கொண்டுவந்து வைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்றால் வேலைக்கான சாமான், ஆகவே மரியாதைக்குரியது. அதில் நான் என்ன செய்வேன் என்று புகுந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் ஆடுவது சுடும் ஆட்டம். கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலை, இருட்டான தாழ்வாரங்கள், இரும்புப் படிகள். கையில் துப்பாக்கியோடு நாம் நடந்து போக வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எவன் வருகிறான் என்பது காலடிச் சத்தத்தில்தான் தெரியும். இடது ஸ்பீக்கரில் கேட்டால் இடது பக்கம், வலதில் கேட்டால் வலது. காது கொஞ்சம் அசந்தால் ஆள் காலி.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், மூன்று முனை ப்ளக் போடக்கூடிய இடம் கூடத்தில் மட்டும்தான் இருந்தது. ஆகவே கம்ப்யூட்டர் கூடத்து மூலைக்குப் போயிற்று. கூடத்தின் மற்ற முக்கால்வாசி என் மாமியாருடையது. அவர் பாட்டு டீச்சர். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் பாவாடை சட்டையும் ஸ்கூல் யூனிஃபார்முமாகப் பெண்கள் வந்து பாயில் வரிசையாக உட்காருவார்கள். சுருதிப் பெட்டி முழங்கும். ஆறரை வரை பாட்டு. அந்த நேரத்தில் என் மாமனார்கூட வீட்டில் இருக்கமாட்டார், லஸ் பக்கம் பூங்காவுக்கு நடக்கப் போய்விடுவார். என் கணவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்தவர், எட்டு மணிக்கு முன்னால் முகத்தைக் காட்டியதில்லை.

நான் நுங்கம்பாக்கத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க யாராவது செத்துப்போன, கை கால் உடைந்துபோன, கடை எரிந்துபோன ஃபைல்கள். 29சி பஸ்ஸில் பிதுங்கி வந்து, முகம் கழுவி, காபி குடித்து நிமிர்ந்தால் ஐந்தரை. ஆறரைக்குப் பாட்டு முடிந்ததும் நானும் மாமியாரும் அடுப்படிக்குள் போயாக வேண்டும். நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. அந்த வீட்டில் எல்லாமே எனக்குப் புதிது. டம்ளர் வைக்கிற இடம் புதிது, ரசத்தின் ருசி புதிது, நான் சிரிக்க வேண்டிய அளவு புதிது. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் நான் பழைய நானாக இருந்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அது போனால் பொசுக்கென்று அழுதுவிடுவேன் போலத்தான் இருந்தேன்.

முதல் வாரம் பயந்து பயந்து ஸ்பீக்கரைத் தணித்து வைத்து ஆடினேன். இரண்டாம் வாரம் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பெண்கள் வர்ணத்தின் சரணத்தில் இருந்தபோது தொழிற்சாலையில் ஒரு பீப்பாய் வெடித்தது. பாடிக்கொண்டிருந்த ஒரு குட்டிப்பெண் அப்படியே பயத்தில் பாயில் குப்புற விழுந்தாள். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அன்றைய வகுப்பு அதோடு சரி.

பெண்கள் போன பிறகு மாமியார் சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"வர்ணம் பாடிண்டிருக்கச்சே பீரங்கி வெடிக்கறது. இது சரிப்படாதுடி. இந்த மாசத்துக்குள்ள ஒண்ணு சத்தம் நிக்கணும், இல்லேன்னா பொட்டி உங்க அம்மா ஆத்துக்குத் திரும்பிப் போகணும். உனக்கு எது சௌகரியமோ பண்ணிக்கோ."

சத்தமே இல்லாமல் ஆடிப் பார்த்தேன். ஊமைப்படம் போல இருந்தது. நான் பாட்டுக்கு நடப்பேன், யாரோ பின்னால் வந்து சுடுவான், நான் செத்துக் கிடப்பேன். ஒரு நாள் சாயங்காலம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்க் கத்திரிக்காய் நறுக்கினேன். அதைப் பார்த்த என் கணவர்தான் ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளேன் என்றார். ஏதோ அவர் கண்டுபிடித்த சமாசாரம் மாதிரி ஒரு பெருமை வேறு. அடையாறில் எங்களுக்கு ஹெட்ஃபோன் தேவைப்பட்டதே இல்லை. எங்கள் வீட்டில் டி.வி., மிக்சி, அப்பாவின் குறட்டை எல்லாம் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு நடக்கும்.

சனிக்கிழமை தி.நகர் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது மாமியாரும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நானும் வரேன். வெளில சத்தம் கேக்கறதா இல்லையான்னு பாக்க வேண்டாமா? உங்க ரெண்டு பேர் காதையும் நம்பி நான் என் கிளாசை விடமுடியாது."

பாண்டி பஜாரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். சென்ட் பாட்டில், கால்குலேட்டர், எமர்ஜென்சி விளக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் ஹெட்ஃபோன்கள் தொங்கின. கடைக்காரர் ஒரு வாக்மேனில் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டு நீட்டினார். மாமியார் கையால் தடுத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் அதைப் போட்டுக் கேட்டார், நிறுத்தினார், கேசட்டைத் தட்டினார், மறுபடி போட்டார்.

"இன்னாமா, கேசட்டு சிக்கிக்கிச்சு போல. ஒரே சவுண்டா வந்துக்கினு கீது."

"சிக்கல. அது தம்புரா. அப்படித்தான் வரும்."

"பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

"பாட்டே கிடையாது. ரெண்டு பக்கமும் தம்புராதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சென்ட் பாட்டில்களைப் பார்த்தேன்.

சுடுகிற ஆட்டத்துக்கு வாங்கும் ஹெட்ஃபோனைத் தம்புராவை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பொருளிலிருந்து சத்தம் வருமென்றால் அதற்குச் சுருதிதான் முதல் பரீட்சை. பிரஷர் குக்கர் வாங்கியபோதுகூட விசிலைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள் என்று என் கணவர் சொல்வார். அது எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடு என்று நான் விசாரித்ததில்லை.

சுருதி ஒரு பக்கம் என்றால் காது இன்னொரு பக்கம். எங்கள் இருவர் காதிலும் ஏழு கல் வைரத்தோடு. கடையில் இருந்த ஹெட்ஃபோன்களெல்லாம் காதின் மேல் அப்பளம் மாதிரி அழுந்தி உட்காருபவை. போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஆனால் தோடு உள்ளே அழுத்தும், அதன் திருகு காதுக்குப் பின்னால் கழுத்தைக் குத்தும். கழற்றி வைத்தால் என்ன என்று வெளியாட்கள் கேட்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், விளக்கேற்றுகிற வேளையில் மூளிக்காதோடு கூடத்து மூலையில் உட்கார்ந்து ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். எனக்கே அது சரியாகப் படவில்லை.

மாமியார் ஒவ்வொன்றாகத் தன் காதில் மாட்டி, கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றில் தம்புராவின் அடித்தந்தி, மந்தரம், கேட்கவில்லை. ஒன்றில் எல்லாம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஒன்று சுருதியில் பாஸ், தோட்டில் ஃபெயில். கடைசியில் பஞ்சு கொஞ்சம் தடியாக வைத்த ஒன்றைச் சுமார் என்று ஒப்புக்கொண்டார். வாங்கி வந்தோம்.

வீட்டில் கம்ப்யூட்டரில் செருகி என் தலையில் மாட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. மாமியாரிடம் கொடுத்தேன். அவர் மாட்டிய உடனே முகத்தைச் சுளித்தார்.

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலியே, என்ன இரையறது?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி வாங்கிக் காதை வைத்துக் கேட்டால் ஆமாம், அடியில் மெல்லியதாக ஓர் ஹும். இப்படி எல்லா ஹெட்ஃபோனிலும் இருக்கும், காலப்போக்கில் பழகிவிடும் என்றார் என் கணவர்.

"பழகிடும். அதான் பயம்," என்றார் மாமியார். "நம்ம கிளாஸ் அஞ்சு கட்டை. இந்தச் சத்தம் அஞ்சுக்குச் சித்த மேல, அஞ்சரைக்குக் கீழ, ரெண்டுலயும் சேராம நிக்கறது. தினம் ஒரு மணி நேரம் இதைக் காதுல விட்டுண்டா இவ காது என்னத்துக்கு ஆகும்?"

கட்டை என்பது அவர்கள் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. அந்தப் பெண்களெல்லாம் அஞ்சு கட்டையில் பாடுகிறவர்கள். நான் பாடுகிறவளே இல்லை. என் காது என்னத்துக்கு ஆனாலும் இசை உலகத்துக்கு நஷ்டமில்லை. ஆனாலும் என் காதுக்காக ஒருவர் கவலைப்பட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. நான் ஹெட்ஃபோனை அதன் அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்தேன்.

மாற்றிக்கொள்ளப் போனபோது கடைக்காரர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தலையின் மேல் வரும் பட்டையில் சிவப்பாக ஒரு தீற்றல். எங்கள் இருவரின் வகிட்டுக் குங்குமம்.

"இன்னா மேடம், பூஜை போட்டு எட்து வந்துகீறீங்க?"

நான் கைக்குட்டையால் துடைக்கப் போய் அது இன்னும் பரவியது. அவர் தலையில் அடித்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமெல்லாம் அந்தக் கடையில் கிடையாது, மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டாவதும் வீட்டில் இரைந்தது. அது தோட்டை வேறு பதம் பார்த்தது. மூன்றாவதாகக் கொடுத்ததைக் கையில் தருவதற்கு முன்னால் பட்டையின் மேல் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மாட்டச் சொன்னார். மாட்டினால் தலையில் சரசரவென்று பொட்டலம் பிரிக்கிற சத்தம். அதுவும் இரைந்தது.

மாதம் முடியப் போகிறது. நான் மனசுக்குள் கம்ப்யூட்டரை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். அடையாறுக்குப் போனால் அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது, அண்ணன்களின் கேலியை எப்படித் தாங்குவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை துணி மடித்தேன். மாமியார் கூடத்தில் மூன்றாவது ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் எதுவும் ஓடவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வா," என்று கூப்பிட்டார். என் கணவரையும் கூப்பிட்டார். "மூணும் ஒரே இடத்துலதான் நிக்கறது. அஞ்சுக்குச் சித்த மேல. மூணு கம்பெனிக்காரன் பண்ணினது ஒரே சுருதியில எப்படிடா இரையும்? கோளாறு காதுல மாட்டறதுல இல்ல. பொட்டிலதான் இருக்கு."

என் கணவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, பூட்டி, முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டையாக இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. அவற்றுக்கு யு.எஸ்.பி. என்று பெயர். அந்தக் காலத்தில் வாங்கிய எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது இருக்கும், எதற்கு என்றுதான் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் எறும்பு மட்டும் அதை உபயோகித்து வந்தது. இந்தத் துளையில் செருகுகிற ஹெட்ஃபோன் இப்போது வருகிறதாம் என்றார் என் கணவர். சத்தத்தை உண்டாக்கும் வேலை பெட்டிக்குள் நடக்காமல் ஹெட்ஃபோனிலேயே நடந்துவிடும், பெட்டியின் இரைச்சல் அதில் ஏறாது. ஏதோ பத்திரிகையில் படித்தாராம்.

"இதை மூணு வாரம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"இரைச்சல் பொட்டிலேர்ந்து வரதுன்னு எனக்கு அப்போ தெரியாதே. அம்மா சொல்லித்தானே தெரிஞ்சுது."

அடுத்த நாளே ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மாமியார் கூடவே. அவ்வளவு குறுகலான தெருவில், தோளில் மானிட்டரைச் சுமந்துகொண்டு எதிரே வருபவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். கடை கடையாகக் கேட்டோம். பாதிப் பேர் அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். மீதிப் பேர் அப்படி ஒன்று எதற்கு என்றார்கள். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் மட்டும் ஆணியில் ஒரே ஒரு உருப்படி தொங்கியது. கறுப்பு நிறம், நல்ல பருமன். வாய்க்கு முன்னால் வளைந்து வரும் குச்சி ஒன்றும் இருந்தது.

"சிங்கப்பூர்லேர்ந்து வந்துச்சுமா. வந்த நாள்லேர்ந்து இங்கதான் தொங்கினு கீது. இத்த எங்க சொருவறதுன்னே ஒருத்தனுக்கும் தெர்ல."

"இந்தக் குச்சி என்னத்துக்கு?" என்றார் மாமியார்.

"அதுல பேசலாம்மா."

"யாரோட?"

கடைக்காரர் யோசித்தார். "அது எனக்கும் தெர்ல," என்றார்.

மாமியார் முதலில் தன் கைக்குட்டையை வகிட்டின் மேல் விரித்துக்கொண்டு, அதன் மேல் ஹெட்ஃபோனை மாட்டினார். அதன் காதுகள் பெரிய கிண்ணம் போல இருந்தன. காது, தோடு, திருகு எல்லாம் உள்ளே அடங்கிவிட்டன. எதுவும் எதன் மேலும் படவில்லை. தலையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து பார்த்தார். வலிக்கவில்லை என்று கையால் ஜாடை காட்டினார்.

இனித் தம்புரா. ஆனால் யு.எஸ்.பி. ஹெட்ஃபோனை வாக்மேனில் செருக முடியாது. கடையின் கம்ப்யூட்டரில் செருகி, அது கேட்ட சி.டி.யையெல்லாம் கொடுத்து, இரண்டு தடவை அணைத்துப் போட்ட பிறகு உயிர் வந்தது. கடைக்காரரின் கம்ப்யூட்டரில் பாட்டு எதுவும் இல்லை. இருந்தது ஓர் ஆட்டத்தின் டெமோ மட்டும். நான் ஆடும் அதே ஜாதி ஆட்டம், சுடுகிறது. வேறு வழியில்லாமல் அதைத் தட்டிவிட்டார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் பக்கத்தில் ஸ்டூலில், ஹெட்ஃபோனோடு.

முதலில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். "இரைச்சல் இல்ல," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாதே. "சுத்தமா இருக்கு."

நான் ஒரு தாழ்வாரத்தில் நடந்தேன். திரையில் ஆள் நடமாட்டம் இல்லை. எனக்கு எதுவும் கேட்கவுமில்லை. திடீரென்று மாமியார் இடது பக்கம் தலையைத் திருப்பி, என் கையைப் பிடித்தார்.

"யாரோ படியேறி வரா. இந்தப் பக்கம். ரெண்டு பேர்."

நான் இடது பக்கம் திரும்பினேன். இரண்டு பேர் வந்தார்கள். சுட்டேன். இரண்டு பேரும் விழுந்தார்கள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமியார் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு விசாரணை இருந்தது. "அந்த ரெண்டாவது ஆள் ஒரு கால இழுத்து இழுத்து வரான், கவனிச்சியோ? இதெல்லாம் கேக்காமதான் அன்னிக்கு ஊமையா உக்காந்து ஆடினியா?"

"ஆமாம்மா."

"எப்படிடி ஆட முடியும்?" என்றார். அவர் நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார்.

அந்த ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டு, இருவரும் கரும்புச்சாறு குடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். பாண்டி பஜாரில் வாங்கியதை இனி மாற்றப் போவதில்லை என்று நான் சொன்னபோது, அந்தக் கடைக்காரருக்காவது நிம்மதி என்றார் மாமியார்.

அன்று முதல் சாயங்காலங்கள் ஒழுங்காயின. பாயில் பெண்கள் பாடுவார்கள். மூலையில் நான் ஓசையில்லாமல் பீப்பாய்களை வெடிக்க வைப்பேன். எனக்குப் பாட்டுக் கேட்காது, அவர்களுக்கு வெடி கேட்காது. கூடம் இரண்டாகப் பிரிந்து இருவருக்கும் தாராளமாக இருந்தது. காதில் வலியில்லை. என் ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது, ஃபோனில் அண்ணன்களிடம் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். மாதமும் முடிந்தது. பெட்டி அடையாறு போகவில்லை.

ஆனால் சத்தம் போனபிறகுதான் இன்னொன்று மிச்சமிருப்பது தெரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவது, இரண்டு காதையும் மூடிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மருமகள். பெண்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மாமியார் அவர்களிடம் "ஆபீஸ் வேலை. ஆத்துலயும் விடமாட்டேங்கறான்" என்று சொல்லிவிடுவார். அவர்களும் பாவம் என்று தலையை ஆட்டுவார்கள். ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தியிருந்தபோது நான் அதைக் கேட்டேன். எனக்காகத்தான் சொல்கிறார், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் மனசில் சுருக்கென்றது. அந்த ஒரு மணி நேரம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் புடவைத் தலைப்புக்குள் மறைத்து எடுத்துப் போகிற பண்டம் போலத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியது. விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. எனக்கும் வரவில்லை.

பெண்களின் அம்மாக்களாவது பரவாயில்லை. மேற்கு மாம்பலத்தில் என் மாமனாரின் அக்கா இருந்தார். என் மாமியாருக்கு நாத்தனார். அவர் வந்தால் மாமியாரின் குரலே அரைக் கட்டை இறங்கிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் பாட்டுச் சாதகம் செய்ய உட்கார்ந்தால், "அடுப்புல என்ன வெச்சிருக்கே?" என்று அப்போது இந்த வீட்டிலேயே இருந்த அத்தை உள்ளேயிருந்து கேட்பாராம். பல வருஷங்கள் மாமியார் தோசைக்கு அரைக்கும்போது மட்டும்தான் வாய்விட்டுப் பாடினார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார், ஆட்டுக்கல் சத்தத்தில் வெளியே கேட்காது என்பதால். அத்தை வருகிற நாள் தெரிந்தால் நான் கம்ப்யூட்டரின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

ஒரு நாள் அவர் சொல்லாமல் வந்துவிட்டார். பாட்டு வகுப்பு இல்லாத நாள், கூடம் காலியாக இருந்தது. நான் தொழிற்சாலையின் மேல்தளத்தில் வசமாக மாட்டிக்கொண்டு, அப்போதுதான் செத்திருந்தேன். செத்துவிட்டால் ஆட்டத்தில் எல்லாச் சத்தமும் நின்றுபோய், திரை முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும். அந்த நிசப்தத்தில், தடித்த கிண்ணத்தையும் தாண்டி, முதுகுக்குப் பின்னால் அத்தையின் குரல் கேட்டது.

"வாசல்லேர்ந்து ரெண்டு தரம் கூப்ட்டாச்சு, திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கறா. காதுல என்ன அது? திரையில என்ன ரத்தமா இருக்கு? உன் மாட்டுப்பொண் என்ன பண்றா?"

 எழுந்து நமஸ்காரம் செய்ய வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு எழவில்லை. ஆபீஸ் வேலை என்று மாமியார் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். திரையில் அவ்வளவு ரத்தத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வார் என்றுகூட அந்த நிமிஷத்தில் ஒரு யோசனை ஓடியது.

மாமியார் அடுப்படி வாசலுக்கு வந்தார். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"விளையாடிண்டிருக்கா அக்கா," என்றார்.

"விளையாடறாளா?"

"ஆமாம். ஆபீஸ்லேர்ந்து வந்து ஆறரை வரைக்கும் அவ விளையாடுவா. காது ரொம்ப முக்கியம் அதுக்கு, அதான் கூப்டா கேக்கல. முடிச்சுட்டு வந்து உங்களுக்கு நமஸ்காரம் பண்ணுவா. நீங்க உக்காருங்கோ, காபி நான் கொண்டுவரேன்."

அத்தை ஏதோ சொன்னார், அது காதில் விழவில்லை. ஊஞ்சல் கிறீச்சிட்டதை மட்டும் கேட்டேன். மாமியார் உள்ளே போய் டம்ளரை எடுக்கும் சத்தமும் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும்.  ஹெட்ஃபோனைச் சரியாக அழுத்தி வைத்துக்கொண்டு புது ஆட்டத்தைத் தொடங்கினேன். இடது பக்கம் படியேறி வருகிற காலடி நன்றாகவே கேட்டது. கண் கலங்கித் திரை தெரியாததால், முதல் ஆளிடமே செத்துப்போனேன்.